கடுகை ஆராய்ந்து பூசணிக்காயை விடும் என் செலவுப் பழக்கம்

திண்டுக்கல்வாசி:
வணக்கம். மாதம் 48,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறேன். உழவர் சந்தையில் வெண்டைக்காய் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவு என்பதற்காக இரண்டு கிலோமீட்டர் நடக்கத் தயங்காத நான், சென்ற ஆடித் தள்ளுபடியில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியை மாற்றுவதற்காக 60,000 ரூபாயைக் கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டிவருகிறேன். மகளின் படிப்புக்கென்று போட்ட 80,000 ரூபாய் 7 சதவீத வட்டியில் வைப்புநிதியாக இருக்கிறது. அதைத் தொட மனம் வரவில்லை. மருத்துவக் காப்பீட்டையோ மூன்று ஆண்டுகளாகத் தள்ளிப்போடுகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

கணக்குப்பிள்ளை:
கார்டிலிருந்துதான். மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 60,000 ரூபாய்க்கு வட்டி 2,100 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 378 ரூபாய். நீங்கள் 3,000 ரூபாய் கட்டினால் அசலில் கழிவது 522 ரூபாய் மட்டுமே. நிலுவை இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. அதே 60,000 ரூபாய் வைப்புநிதியில் மாதம் ஈட்டித்தருவது 350 ரூபாய்தான். ஒரே பணத்தை ‘மகளுடையது’, ‘கார்டுக்கடன்’ என்று மனத்துக்குள் தனித்தனிப் பெட்டிகளில் பூட்டிவைக்கும் இந்தப் பழக்கத்தை ‘மனக் கணக்கு’ என்று விளக்கியவர், 2017-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர். வைப்புநிதியை முறித்துக் கடனை அடைத்துவிடுங்கள்.

வைகைக்கரை:
கணக்கு சரி, யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. முறித்த பணத்தை மீண்டும் சேர்ப்பவர்கள் குறைவு, நானும் சேர்க்கவில்லை. வைப்புநிதியின் பேரிலேயே வங்கியில் கடன் வாங்கலாம்; பொதுவாக வைப்பு வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதமே கூடுதலாக இருக்கும். 9 சதவீதம் என்றாலும் முதல் மாத வட்டி 450 ரூபாய்தான். கார்டுக்குக் கட்டிய அதே 3,000 ரூபாயை இங்கே கட்டினால் இரண்டாண்டுக்குள் முடிந்துவிடும். காப்பீட்டை மட்டும் அதுவரை தள்ளிவைக்காதீர்கள். முன்பே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அது பாலிசி எடுத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

திண்டுக்கல்வாசி:
இருவருக்கும் நன்றி. 522 ரூபாய் என்ற கணக்கை மனைவியிடம் காட்டினேன். கார்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். திங்கட்கிழமை வங்கிக்குச் செல்கிறேன்.