கடலலையில கரன்ட் எடுக்குற மெஷினை கிட்ட பார்த்தவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

குமரிக்கரை:
நானே ஆரம்பிக்கிறேன். எங்க ஊரு குளச்சல் பக்கம், மாமா கேரளாவுல விழிஞ்ஞத்துல தங்கி தொழிலுக்குப் போயிட்டிருந்தாரு, லீவு விட்டா நான் அங்கதான். மீன்பிடித் துறைமுகத்துப் புலிமுட்டுக்கு (அலையைத் தடுக்குற கல்சுவரு) வெளிய கடலுக்குள்ள ஒரு பெரிய கான்க்ரீட் பெட்டி நிக்கும். 1991ல சென்னை ஐஐடிக்காரங்க ஓட வச்சது, 150 கிலோவாட், அலையில இருந்து கரன்ட் எடுக்க நம்ம நாட்டுல வந்த முதல் நிலையம். அப்ப எனக்கு இதெல்லாம் தெரியாது, தெரிஞ்சது அந்தச் சத்தம் மட்டும்தான். அலை ஏறும்போது நீளமா ஒரு ஊதல், இறங்கும்போது ஒரு இழுப்பு, எங்க பாட்டிக்கு ராத்திரி இழுப்பு வந்தா கேக்குமே அதே மாதிரி. மாமாகிட்ட கேட்டா "உள்ள காத்தாடி கெடக்குடே மக்கா, கடலு மூச்சு விட்டா சுத்தும்"னாரு.

டிப்ளமோ படிக்கும்போதுதான் தெரிஞ்சுது மாமா சொன்னது அப்படியே சரின்னு. பெட்டியோட கடல்பக்கம் தண்ணிக்கு அடியில திறந்திருக்கும், உள்ள தண்ணி ஏறுனா மேல இருக்குற காத்து வெளிய போகும், இறங்குனா வெளிக்காத்து உள்ள வரும், காத்து எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில சுத்துற வெல்ஸ் டர்பைன், பெல்ஃபாஸ்ட்ல ஆலன் வெல்ஸ்ங்கிற பேராசிரியர் உருவாக்குனது. ஆனி ஆடில கடல் அடிக்கும்போது நல்லா ஓடும், மார்கழி தையில கடல் அடங்குனா கரன்டும் ரொம்பக் கொறஞ்சிரும். பின்னால அதே கரன்ட்ல உப்புத்தண்ணிய நாளைக்கு 10,000 லிட்டர் வரை குடிதண்ணியாக்கியும் பார்த்தாங்க. 2011ல நிறுத்திட்டாங்க, எனக்கு இன்னும் மனசு ஆறல. தோத்துப்போன திட்டம்னு யாராவது சொன்னா கோவம் வருது, இருபது வருஷம் அரபிக்கடல் அடியை வாங்கிட்டு நின்ன பெட்டி அது.

அலைத்தொட்டி:
அண்ணா, நீங்க கேட்ட மூச்சை நான் உள்ளங்கையில வாங்கியிருக்கேன். எம்டெக் ப்ராஜெக்ட்டுக்கு அக்ரிலிக்ல சின்னப் பெட்டி செஞ்சு லேப்ல அலைத்தொட்டிக்குள்ள (மெஷின் வச்சு அலை எழுப்புற தண்ணித்தொட்டி) வச்சோம், மேல ஒரே ஒரு ஓட்டை. அதுமேல கைய வச்சா காத்து கைய தூக்கும், அடுத்த நொடி தோலைப் பிடிச்சு உள்ள இழுக்கும், அன்னைக்குப் பூரா அதையே திரும்பத் திரும்ப செஞ்சுட்டிருந்தேன். ஓட்டை சின்னதா இருந்தா உள்ள தண்ணியே ஏற மாட்டேங்குது, பெருசாக்குனா காத்து விசையில்லாம போயிடுது, நடுவுல சரியான அளவு கண்டுபிடிக்கவே ரெண்டு மாசம். அப்பவும் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல உள்ள நேரத்தை கொஞ்சம் மாத்துனா போதும், கணக்கு படுத்துரும், நிஜக் கடல்ல எந்த அலை இன்னொரு அலை மாதிரி வருது சொல்லுங்க.

அப்புறம் ஒரு சின்ன மிதவை செஞ்சு கடல்ல போட்டோம். மூணே வாரம். வெளிய எடுத்தா அடியெல்லாம் கொட்டலசு (கல்லு மாதிரி ஒட்டிக்கிற சின்னச் சிப்பிப்பூச்சி), சீல் வழியா உப்புத்தண்ணி ஏறி பேரிங் இறுகிப்போச்சு, கழட்டுனா செங்கப்பொடி மாதிரி துரு கொட்டுது. கரன்ட் எடுக்கறது கஷ்டம்னு நெனச்சுதான் போனேன், அதைவிட கஷ்டம் அந்த மெஷினை ஒரு வருஷம் கடல்ல உயிரோட வச்சிருக்கறது.

முத்துநகர் போட்டுக்காரன்:
தங்கச்சி சொல்றது நூத்துக்கு நூறு, எங்க எஞ்சினுக்கும் அதே கதிதான். எங்க தூத்துக்குடியில இருந்து ஆறு கிலோமீட்டர்ல, 20 மீட்டர் ஆழத்துல, 2022 நவம்பர்ல ஐஐடிக்காரங்க சிந்துஜா-1னு ஒண்ணு போட்டு சோதிச்சாங்க. நடுவுல ஒரு நீளக்கம்பி, அதைச் சுத்தி மிதவை, அலையோட ஏறி இறங்கும். வந்தது 100 வாட். ஒரு ஃபேனுக்குத்தான் ஆகும்னு துறைமுகத்துல பேசிக்கிட்டாங்க, நான் ஒத்துக்கல. ராத்திரி மூணு மணிக்கு கரைக்குத் திரும்புறவனுக்கு விளக்கு மிதவை எரியுதா இல்லையாங்கறதுதான் உசுரு. ஒருதடவ மழைமூட்டத்துல அது அணைஞ்சு கெடந்து கல்லுமேல ஏறப்பாத்தோம், கூட இருந்த சின்னப்பையன் அழுதது இன்னும் காதுல நிக்குது. ஜப்பான்ல மசூதாங்கறவர் 1960கள்லயே இந்த மாதிரி மிதவைக்கு அலையிலயே விளக்கு எரிய வச்சிருக்காரு. 100 வாட் அதுக்குத் தாராளம்.

ஒரே ஒரு கோரிக்கை தங்கச்சி, அடுத்து எங்க போடப்போறீங்கன்னு முன்னாடியே எங்க ஆளுங்ககிட்ட கேளுங்க. மீன் அடையுற பார், அதான் கடலடிப் பாறை, எங்க இருக்குன்னு நாங்க காட்டுறோம், அதுமேல நங்கூரக் கயிறு விழுந்தா வலை கிழிஞ்சிரும்.