"உவர்மலை வீடு" குழு: துளசியின் இதய ஒப்பரேசன்

ரஞ்சினி: சென்னையிலிருந்து இப்போதுதான் கோல் வந்தது. துளசிக்குப் பொருந்துகிற அளவில் ஹோமோகிராஃப்ட் இருக்கிறதாம், 18 மில்லிமீட்டர். அடுத்த கிழமை வந்து அட்மிட் ஆகச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வசந்தா: கோணேசப் பெருமானே 🙏🙏

கஜன்: சூப்பர் மச்சாள்

மோகன்: அது என்ன கிராஃப்ட்?

கஜன்: மாமா கனடாவில் இப்போது சாமம். படுங்கோ

வசந்தா: அம்மா கேட்கிறா, யாருடைய இதயமாம்?

ரஞ்சினி: இதயம் இல்லை மாமி. ஒரு குழாய், அதற்குள்ளே வால்வு. அவ்வளவுதான்.

வசந்தா: யாருடைய குழாய் என்று கேட்கிறா

தேவன்: நான் விளக்குகிறேன், பொறுமையாக வாசியுங்கள். வலது இதயவறையிலிருந்து நுரையீரலுக்குப் போக வேண்டிய வழி துளசிக்குப் பிறவியிலேயே அடைப்பு. அதனால்தான் கோயில் ஏற்றத்தில் கொஞ்சம் நடந்ததும் உதடு நீலமாகிக் குந்திவிடுகிறாள். குந்தும்போது காலுக்குப் போகிற இரத்தம் நெருக்கப்பட்டு நுரையீரல் பக்கம் கொஞ்சம் கூடப் போகும், பிள்ளை தானாகவே அதைக் கண்டுபிடித்திருக்கிறது. கைக்குழந்தையில் வைத்த சின்ன இணைப்பு இப்போது காணாது. வால்வோடு புதுக் குழாய் வேண்டும். இறந்த ஒருவருடைய இதயத்திலிருந்து, குடும்பத்தின் சம்மதத்தோடு எடுத்தது அது. முழு இதயமாகப் பொருத்த உதவாத இதயத்தில்கூட வால்வு நல்லதாக இருக்கலாம். அதை அன்டிபயோட்டிக்கில் ஊறவைத்து, உறையும்போது இழையம் பழுதாகாமல் காக்கிற டைமெதைல் சல்பொக்சைட் சேர்த்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் மெல்ல மெல்லக் குளிர்விப்பார்கள். கண்டபடி உறையவிட்டால் பனிப்பளிங்கு இழையத்தைக் கிழித்துவிடும். பிறகு திரவ நைதரசன் ஆவியில் வருடக்கணக்கில் வைத்திருக்கலாம்.

கஜன்: மாமா இது பகுதி 1 ஆ?

தேவன்: ஓம். மிச்சம் வருகிறது.

மோகன்: ஐஸ் மீன் மாதிரித்தானே அண்ணா 😂

தேவன்: மீனை உன் பாட்டுக்குத் தண்ணீரில் போடுவாய். இதை ஒப்பரேசன் தியேட்டரிலேயே இளஞ்சூடான சேலைனில் உருக்கி, அந்த இரசாயனம் போகப் படிப்படியாகக் கழுவித்தான் தைப்பார்கள்.

வசந்தா: பிணத்தில் எடுத்ததைப் பிள்ளைக்குள் வைக்கக் கூடாது என்கிறா அம்மா

சுதன்: மற்றது மாட்டினுடையது மாமி

வசந்தா: ???

ரஞ்சினி: மாட்டின் கழுத்து நாளம். அதற்குள்ளும் வால்வு இருக்கிறதாம். இரண்டில் ஒன்று என்றுதான் டொக்டர் முதலில் சொன்னவர்.

வசந்தா: முருகா. நான் இதை அம்மாவிடம் சொல்லப் போவதில்லை

கஜன்: நான் சொல்லிவிட்டேன்

வசந்தா: கஜன்!!!

கஜன்: பிணமே பரவாயில்லையாம் அம்மம்மாவுக்கு

மோகன்: 😂😂😂

மோகன்: அப்பாவின் கண்ணைக் கொடுக்கும்போது மட்டும் யாரிடமும் கேட்கவில்லையே

தேவன்: கண் சில மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டிய சாமான். உன்னுடைய போன் ஓஃப்.

மோகன்: ஓஃப் இல்லை

வசந்தா: அது இப்போது எதற்கு

தேவன்: இலங்கையில் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கம் எத்தனையோ நாடுகளுக்குக் கண் அனுப்பியிருக்கிறது. கொடுக்கும்போது தானம், வாங்கும்போது பிணமா? அம்மாவிடம் இதையும் கேள் வசந்தா.

வசந்தா: நீங்களே வந்து கேளுங்கோ அண்ணா. ஒரு மாதமாக இந்தப் பக்கம் காணவில்லை

கஜன்: 📷 படம்

கஜன்: கேற் திறந்து கிடந்தது. மான் இரண்டு வந்து பொன்னாங்காணி முழுவதும் முடிந்தது

வசந்தா: யார் கேற்றைத் திறந்தது

கஜன்: சத்தியமாக நான் இல்லை

மோகன்: திருகோணமலைக் கோட்டை மான் உவர்மலை வரைக்கும் வருகிறதா இப்போது?

ரஞ்சினி: பெரியப்பா, இது துளசியோடு சேர்ந்து வளருமா?

தேவன்: வளராது பிள்ளை. சின்னப் பிள்ளைகளில் சுண்ணாம்பு படிந்து கெதியாகப் பழுதாகவும் கூடும். மாற்ற வேண்டி வரும், அதற்கு இப்போதே மனதைத் தயார்படுத்து. ஆனால் இரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரின் வேண்டாம். உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க அந்தக் குளிசை, இரத்தப் பரிசோதனை, விளையாடி விழுந்தாலும் பயம். மாற்றுக் கிட்னிக்குப் போல எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்தும் பொதுவாகத் தேவையில்லை. மாட்டு நாளத்தில் கிருமி பிடிக்கிற ஆபத்து இதைவிடக் கூட என்றும் எழுதியிருக்கிறார்கள். 1962இலேயே லண்டனில் டொனால்ட் ரொஸ், ஓக்லண்டில் பரட்-பொய்ஸ் மனித வால்வு வைத்துவிட்டார்கள். உறையவைத்ததை 1975இல் பிரிஸ்பேனில் மார்க் ஓபிரையன்...

கஜன்: மாமா சோதனைக்கு வருமா இது

ரஞ்சினி: மாற்றுவதென்றால் திரும்பவும் நெஞ்சைத் திறப்பதா?

தேவன்: எல்லாருக்கும் இல்லை. 2000இலிருந்து தொடை நாளம் வழியாகக் குழாய் விட்டே புது வால்வு வைக்கிறார்கள். அப்படி வைக்கிற ஒரு வகை மாட்டு நாளத்தில் செய்ததுதான். அதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். கஜன், உனக்குத்தான்.

கஜன்: 🤐

சுதன்: இரத்தத்துக்கு ஆள் வேண்டுமாம். சென்னையில் யார் இருக்கிறார்கள்?

வசந்தா: வளசரவாக்கத்தில் மணியண்ணை இருக்கிறார்

மோகன்: எங்களுடைய கலியாணத்துக்கு வராத மணியண்ணையா

வசந்தா: நீங்கள் கார்ட் கொடுக்கவில்லை

மோகன்: டிக்கெற் நான் போடுகிறேன். கட்டுநாயக்காவால் போங்கோ

சுதன்: யாழ்ப்பாணத்துப் பலாலி எயார்போர்ட்டால் போவோம். பிள்ளைக்கும் அலைச்சல் குறைவு

தேவன்: நானும் கூடப் போகலாம் என்று யோசிக்கிறேன். டொக்டரோடு கதைக்க ஒருவர் வேண்டும்.

ரஞ்சினி: பார்ப்போம் பெரியப்பா

வசந்தா: நான் போகலாம், அம்மாவை யார் பார்ப்பது?

கஜன்: நான் பார்க்கிறேன்

வசந்தா: நீயா? கேற்றைப் பூட்டத் தெரியாதவன்

மோகன்: மூன்று டிக்கெற்றா நாலா? விலை ஏறுகிறது

சுதன்: ஆஸ்பத்திரிக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன்

ரஞ்சினி: எப்போது?

சுதன்: காலையில். கோல் வந்த உடனே

வசந்தா: அம்மாவிடம் கேட்காமலா

தேவன்: நல்லது. பத்திரகாளி அம்மனுக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டுப் போங்கள்.

வசந்தா: மணியண்ணைக்கு நிலாவெளிக் கருவாடு ஒரு பார்சல் கட்டுகிறேன். வெறும் கையோடு போய் இரத்தம் கேட்க முடியாது

கஜன்: பலாலியில் கருவாடு விடுவார்களா?

மோகன்: டிக்கெற் எத்தனை????