ஃபால்கன் பஞ்ச்: மக்கன் பேடா யாருக்குச் சேர வேண்டும்?

சத்துவாச்சாரி மாமா:
மே மாத வெயிலில் வேலூரில் பிள்ளைகளைப் பகலில் வெளியே அனுப்ப மனம் வருவதில்லை. விடுமுறைக்கு வந்திருக்கும் அக்கா பிள்ளைகளுக்கு நேற்று வீட்டிலேயே வினாடி வினா வைத்தேன். பரிசு, ஆற்காட்டிலிருந்து வாங்கிவந்த ஒரு பெட்டி மக்கன் பேடா. கடைசிக் கேள்வி: கேப்டன் ஃபால்கனின் ஃபால்கன் பஞ்ச் என்ற குத்து முதலில் எந்த வீடியோ விளையாட்டில் வந்தது? பெரியவன் பந்தய விளையாட்டான எஃப்-ஜீரோ என்றான். சின்னவள் சண்டை விளையாட்டான சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் என்றாள். அவர் எஃப்-ஜீரோ பந்தய வீரர்தானே என்று பெரியவனிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டேன். சின்னவள் அழவில்லை. அண்ணன் நீட்டிய பேடாவைத் தொடவும் இல்லை. "வண்டி ஓட்டுகிறவர் யாரைக் குத்துவார், மாமா?" என்று மட்டும் கேட்டாள். இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் வாசகன்:
உங்கள் மருமகள் சொன்னதுதான் சரி, ஐயா. 1990 நவம்பரில் ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவியோடு வந்த முதல் எஃப்-ஜீரோவில் தேர்ந்தெடுக்க நான்கு வண்டிகள் உண்டு: புளூ ஃபால்கன், கோல்டன் ஃபாக்ஸ், வைல்ட் கூஸ், ஃபயர் ஸ்டிங்ரே. பந்தயத்தின்போது ஓட்டுபவர் கண்ணில் படுவதே இல்லை. கையேட்டில் இருந்த படக்கதையில்தான் கேப்டன் ஃபால்கனைப் பார்க்கலாம். 1999இல் நிண்டெண்டோ 64 கருவியில் வந்த ஸ்மாஷ்தான் அவரை வண்டியிலிருந்து இறக்கியது. குத்து, உதை எல்லாம் அங்கே புதிதாகச் சேர்த்தவை. அதிலும் அவர் மறைந்திருக்கும் வீரர். ஆடித் திறக்க வேண்டும். எஃப்-ஜீரோவுக்கென்று ஒரு களம்கூட அந்த ஆட்டத்தில் கிடையாது.

ராணிப்பேட்டை அண்ணன்:
அந்தக் குறையை 2001இல் வந்த அடுத்த ஸ்மாஷான மெலீ தீர்த்தது. மியூட் சிட்டி, பிக் புளூ என்று இரண்டு களங்கள். எனக்குப் பிக் புளூதான் உயிர். ஓடும் வண்டிகளின் முதுகில் நின்று சண்டை போட வேண்டும். கால் தவறிச் சாலையில் விழுந்தால், தரை நம்மைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு கணத்தில் திரையிலேயே இருக்க மாட்டோம். எஃப்-ஜீரோவின் வேகத்தை இத்தனை அழகாகச் சொன்ன சண்டைக் களம் வேறில்லை.

பெரியவனையும் திட்டாதீர்கள். 2003இல் தொடங்கிய எஃப்-ஜீரோ கார்ட்டூன் தொடரின் கடைசிப் பகுதியில் அந்தக் குத்து வருகிறது. ஸ்மாஷில் பிறந்தது தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சத்துவாச்சாரி மாமா:
இருவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தீர்ப்பு தப்பு என்று சின்னவளிடம் மன்னிப்பும் கேட்டேன். பெரியவன் மீதியிருந்த மூன்று பேடாக்களையும் தட்டோடு கொண்டுவந்து தங்கை முன்னால் வைத்தான். ஒன்றைப் பிட்டு, உள்ளே இருந்த முந்திரியை முதலில் எடுத்துத் தின்றாள். நாளைக் காலை ஆற்காட்டுக்குப் பஸ் ஏறுகிறேன். இப்போது அடுத்த கேள்வி எங்கே என்கிறாள்.

குடியாத்தம் வாசகன்:
இதைக் கேளுங்கள்: மெலீயில் கேப்டன் ஃபால்கனின் அடிகளையே பெரும்பாலும் தனதாக்கிக்கொண்டு வந்த, செல்டா விளையாட்டுகளின் வில்லன் யார்?