உட்கார்ந்தபடியே அரிசி விற்பவனின் மூன்று கவலைகள்

கேள்வி: குடமுருட்டிக்கரை, வலங்கைமான்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 37. எங்கள் வயலிலும் அக்கம்பக்கத்து வயல்களிலும் விளையும் மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி ஆகிய அரிசி வகைகளை நான்கு ஆண்டுகளாக வீட்டிலிருந்தே வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக விற்று வருகிறேன். முதலிரண்டு ஆண்டுகள் நன்றாக ஏறிய விற்பனை, இப்போது மாதம் 150 ஆர்டரோடு நின்றுவிட்டது. விடிந்ததும் கையில் எடுக்கும் போனை இரவு பதினொன்றரைக்குத்தான் கீழே வைக்கிறேன். சாப்பிடும்போதும் அது தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்ற மாதம் கும்பகோணத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 என்று வந்தது.

மூன்றாவது கவலையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எழுத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். ஆனால் வாடிக்கையாளர் அழைத்தால் எடுக்காமல் விட்டுவிட்டு, வேலையாக இருந்ததாகவும் எழுதி அனுப்பும்படியும் தகவல் போடுவேன். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும், 'தம்பி என்ன பண்ணுறீங்க?' என்று யாராவது கேட்பதற்குள் செருப்பைத் தேடிப் போய்விடுகிற ஆள் நான். வரும் வைகாசியில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடக்கவிருக்கும் ஒரு விதைத் திருவிழாவில் பத்து நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை.

நான்கரை மணிக்கு எழுவது, பச்சைத் தண்ணீரில் குளிப்பது, நாட்குறிப்பு எழுதுவது என்று காணொளிகளில் சொல்லும் பட்டியல்களை மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் ஒரே வாரத்தில் கைவிட்டேன். ஆகவே பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நம் பகுதியில் தொழில் செய்பவர்கள் தாங்களே கடைப்பிடித்துப் பலன் கண்ட சிறிய பழக்கங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர், மன்னார்குடி

தம்பி, 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை; 6.5 ஆகிவிட்டால் நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்த நடுநிலையில் இருப்பதாகக் கணக்கிட்டது. திரும்பி வரக்கூடிய இடத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன், வருத்தப்பட வேண்டாம். பாரம்பரிய அரிசி என்பதற்காகத் தட்டு நிறையச் சாப்பிடலாம் என்று பொருளில்லை. தவிடு நீங்காத அரிசியில் நார்ச்சத்து கூடுதல்தான். ஆனாலும் அதில் மிகுதியாக இருப்பது மாவுச்சத்துதான். சோற்றைக் குறைத்து, கீரையையும் கூட்டையும் தட்டில் பாதிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். சாப்பிட்டவுடன் உட்காராமல் 15 நிமிடம் நடந்தால், கால் தசைகள் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார அமைப்பின் பரிந்துரை. மதியமும் இரவும் இப்படி நடந்தாலே அந்தக் கணக்கு நிறைந்துவிடும். போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவருக்கு எத்தனை கரண்டி விழுந்தது என்பதே தெரியாது. மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் கொடுத்துப் பாருங்கள்; மருத்துவர் சொல்லும் அளவே முடிவானது.

பதில் 2: விளக்குக் கடை, நாச்சியார்கோவில்

எங்கள் தெருவில் கடைகள் ஒன்பது மணிக்குத் திறந்து இரவு எட்டரைக்கு அடைக்கப்படும். நானும் இணையத்தில் விளக்கு விற்கத் தொடங்கிய பிறகு, கடையை அடைத்துவிட்டுப் போனைத் திறந்து வைத்திருந்தேன். அதாவது கடையை அடைக்கவே இல்லை. இப்போது வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வேலை நேரத்தைக் குறித்து, மற்ற நேரத்தில் வருபவர்களுக்குத் தானாகப் பதில் போகும்படி வைத்துவிட்டேன். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு விடைகளையும் அதிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம், செலவில்லை.

அழைப்பை எடுக்காததால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று நான்கு துண்டுகளாக வரும். திருகிப் பொருத்த வேண்டும். பெட்டியைத் திறந்து பார்த்த வெளியூர் அம்மா ஒருவர், விளக்கு உடைந்து வந்திருப்பதாக எண்ணி இரண்டு முறை அழைத்திருக்கிறார். நானும் உங்களைப் போலவே எடுக்கவில்லை. மாலைக்குள் எங்கள் இணையப் பக்கத்தில் ஒற்றை நட்சத்திர மதிப்பீடு விழுந்தது. இரண்டு நிமிடத்தில் பேசித் தீர்த்திருக்கக்கூடிய விஷயம் அது. மறுநாளே என் கைகள் மட்டும் தெரியும்படி, நான்கு துண்டுகளையும் திருகிப் பொருத்துவதை நாற்பது விநாடிக்குப் படம் எடுத்துப் போட்டேன். முகம் காட்டக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிட எளிய தொடக்கம் இல்லை. கருப்புக் கவுனியை முதல் நாள் இரவே ஊறவைக்காவிட்டால் வேகாது. அதை உங்கள் குரலில் சொல்லி ஒரு படம் போடுங்கள், பாக்கெட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கள்.

விற்பனை நின்றதற்குக் காரணம், புதியவர்களை மட்டுமே தேடுவதாக இருக்கலாம். இரண்டு மாதம் முன்பு வாங்கியவர் வீட்டில் இப்போது அரிசி தீர்ந்திருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அப்படிப்பட்ட பத்துப் பேரைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து விசாரியுங்கள். ஒரே தகவலைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைப் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் தகவல் போய்ச் சேரும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு எண் பாக்கெட்டில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: பார்சலை எடுத்துப் போக ஆள் வரவழைப்பதை நிறுத்திவிட்டு, நீங்களே மிதிவண்டியில் கட்டி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அஞ்சலகத்துக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். செவிலியர் அம்மா சொன்ன நடை அதிலேயே வந்துவிடும். தினமும் நான்கு பேரிடம் பேசியும் ஆக வேண்டும்.

பதில் 3: கைத்தறிச் சேலை, மயிலாடுதுறை

எட்டரைக்கு அடைப்பதை நான் ஏற்கவில்லை. வேலைக்குப் போகிற பெண்கள் வீட்டுவேலை முடித்துப் போனை எடுப்பதே இரவு ஒன்பதுக்கு மேல்தான். என் ஆர்டரில் பாதிக்கு மேல் அந்த நேரத்தில் வருகிறது. நான் இரவு பத்து வரை பதில் சொல்லிவிட்டு, மறுநாள் காலை எட்டரை வரை போனைத் தொடுவதில்லை. எந்த நேரத்தில் அடைப்பது என்பதை உங்கள் பழைய ஆர்டர்கள் வந்த நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பதில் 4: தமிழாசிரியர், திருவையாறு

மேடைக்குச் சம்மதம் சொல்லுங்கள். கூச்சம் போகட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருப்பவருக்கு அது போவதில்லை. பேசப் பேசத்தான் குறைகிறது. எங்கள் ஊரில் தியாகராஜர் ஆராதனையின்போது நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவார்கள். முதல் ஆண்டு வருகிறவர் பெரிய குரல்களுக்கு நடுவே வாயை மட்டும் அசைப்பார். மூன்றாம் ஆண்டு அவர் குரல் தனியாகக் கேட்கும். நான் கூட அப்படித்தான் தொடங்கினேன், சுருதி இன்னும் சேரவில்லை என்பது வேறு விஷயம். உங்கள் ஊர்க் கோயிலில் திருவாசக முற்றோதல் நடந்தால் போய் உட்காருங்கள். கூட்டத்தோடு சேர்ந்து வாய்விட்டுப் படித்துப் பழகிய குரல் மேடையில் நடுங்குவது குறையும்.

பத்து நிமிட உரையை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு வரி மறந்தால் எல்லாம் போய்விடும். மூன்று கிண்ணங்களில் மூன்று வகை நெல்லை எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றாகக் கையில் அள்ளி, எத்தனை நாள் பயிர், எந்த மழையில் சாய்ந்தது, வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று சொன்னாலே நேரம் போதாது. கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய்க்குத் தடுமாற்றம் குறைவு.

கேள்வி கேட்டவர்: குடமுருட்டிக்கரை, வலங்கைமான்

எல்லோருக்கும் நன்றி. பழைய ஆர்டர்களைப் பார்த்ததில், இரவு ஒன்பதரைக்கு மேல் வந்தவை மிகக் குறைவு. ஆகவே ஒன்பதரைக்குப் போனை அடைக்கிறேன். இந்த வாரம் நான்கு நாள் மிதிவண்டியில் பார்சல் கொண்டுபோனேன். நேற்று 11 கிலோ. அஞ்சலகத்தில் வரிசையில் நின்ற பெரியவர், பூங்கார் கஞ்சிக்கு ஆகுமா என்று கேட்டார். பதில் சொல்லத் தொடங்கியவன், என் முறை வந்தது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தேன். விதைத் திருவிழாவுக்கு வருவதாகவும் தெரிவித்துவிட்டேன்; அழைத்துச் சொல்லவில்லை, எழுதித்தான் அனுப்பினேன்.