25 பெரிதா, 60,000 பெரிதா? வைட்டமின் டி மாத்திரையும் தூள் பாக்கெட்டும்

கெடிலக்கரை:
அம்மாவுக்கு வயது 68, மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார். உடம்பெல்லாம் வலி என்று இரத்தம் பரிசோதித்ததில் வைட்டமின் டி மில்லி லிட்டருக்கு 11 நானோகிராம் என்று குறைவாக வந்தது. மருத்துவர் 60,000 ஐ.யு. (சர்வதேச அலகு) தூள் பாக்கெட் எழுதினார். வாரம் ஒன்று, எட்டு வாரம். அதே நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து தம்பி ஒரு டப்பா அனுப்பியிருக்கிறான். தினம் ஒன்றாக 60 மாத்திரை, மேலே வெறும் 25 என்று போட்டிருக்கிறது. "அறுபதாயிரத்தைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது, நான் 25-ஐயே போடுகிறேன்" என்கிறார் அம்மா. எதைக் கொடுப்பது?

வில்லியனூரான்:
அம்மா சொல்வதே சரி. ஏழு நாள் சோற்றை ஒரே வேளையில் யாராவது சாப்பிடுவார்களா? 2010-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வைப் பாருங்கள். 70 வயது கடந்த 2,256 பெண்களில் ஒரு பாதிக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் ஐ.யு. கொடுத்தார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், எலும்பும் அதிகம் முறிந்தது. எலும்புக்குக் கொடுத்த மருந்து!

பழைய பார்மசி:
முப்பது ஆண்டுகள் புதுச்சேரியில் மருந்துக் கடையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் கணக்கைப் போடுவோம். டப்பாவில் இருக்கும் 25 மைக்ரோகிராம், பாக்கெட்டில் இருப்பது ஐ.யு. வைட்டமின் டி-க்கு 1 மைக்ரோகிராம் என்றால் 40 ஐ.யு. ஆக, ஒரு மாத்திரை 1,000 ஐ.யு. தம்பி அனுப்பிய டப்பா முழுவதையும் கொட்டினால்தான் ஒரு பாக்கெட். எட்டு வாரம் தினமும் போட்டாலும் 56,000, ஒரு பாக்கெட்டுக்கே நாலாயிரம் குறைவு. மருத்துவர் எழுதியது எட்டு பாக்கெட். இரண்டும் ஒரே வேலைக்கான மருந்து இல்லை. ஒன்று வறண்ட ஏரியை நிரப்புவது, மற்றது நிரம்பிய ஏரியில் மட்டம் குறையாமல் பார்ப்பது.

வில்லியனூரானுக்கு: ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் கொடுத்த ஆய்வை வைத்து வாரம் 60,000-ஐ மறுக்க முடியாது. டி3, அதாவது பாக்கெட்டில் இருக்கும் வைட்டமின் டி வகை, கல்லீரலில் மாறி இரத்தத்தில் சுற்றும் வடிவம் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும். வாரம் ஒருமுறை கொடுத்தால் அது ஏறி இறங்குவது சொற்பம்.

வில்லியனூரான்:
2024-இல் அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி என்ற ஹார்மோன் மருத்துவர்கள் சங்கம், 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தேவைப்பட்டால் இடைவெளி விட்டுப் பெரிய அளவு வேண்டாம், தினசரிச் சிறிய அளவே நல்லது என்று பரிந்துரைத்ததே, அதற்கு என்ன பதில்?

பழைய பார்மசி:
அதை மறுக்கவில்லை. ஆனால் தினசரி என்றால் எவ்வளவு என்பதே கேள்வி. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-இல் பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொன்ன 600 ஐ.யு. குறை இல்லாதவருக்கான நாள் தேவை. 11-இல் நிற்பவருக்கு அது ஆமை வேகம். தினசரிதான் வேண்டும் என்றால் எத்தனை ஆயிரம் என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், தவறே இல்லை. பயந்துகொண்டு தானாகவே 25-க்கு இறங்குவதுதான் தவறு.

தேவனாம்பட்டினம்:
கடலூர் வெயிலில் இருந்துகொண்டு சூரியனைப் பாக்கெட்டில் வாங்குகிறீர்கள்! மத்தி மீன் குழம்பு வையுங்கள், காலையில் கடற்கரையில் நடக்க விடுங்கள்.

கெடிலக்கரை:
அம்மா வாசலுக்கே சாயங்காலம்தான் வருவார் ஐயா. மீன் வாசனையே ஆகாது.

பழைய பார்மசி:
தேவனாம்பட்டினத்தாரே, காலை நடையில் படும் ஆறு மணி வெயில் கண்ணுக்கு இதம், அவ்வளவுதான். தோலில் டி-யை உண்டாக்கும் கதிர் உச்சிப் பொழுதை ஒட்டித்தான் நன்றாக வரும். கறுத்த தோலுக்கு இன்னும் நேரம் பிடிக்கும், வயதானால் உற்பத்தியும் குறையும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் அந்தக் கதிர் உள்ளேயே வராது. மத்தி நல்ல மீன்தான், எனக்கும் பிடிக்கும்.

வடலூர் வாசி:
ஜீவகாருண்யம் பார்க்கும் வீடு எங்களுடையது. டி3 ஆட்டு ரோமத்திலிருந்து வருகிறது என்கிறார்கள். காளான், ஈஸ்டிலிருந்து எடுக்கும் டி2 போதாதா? ஐ.யு. ஒன்றுதானே?

பழைய பார்மசி:
எண் ஒன்றுதான், வேலை ஒன்றில்லை. வாரக் கணக்கில் பெரிய அளவாகக் கொடுக்கும்போது டி2 சீக்கிரம் இறங்கிவிடுகிறது, டி3 நிற்கிறது. டி3-க்கு மூலமான ரோமக் கொழுப்பு, கத்தரித்த ரோமத்திலிருந்து எடுப்பது. உங்களுக்கு உண்மையில் இடிக்க வேண்டியது ஜெலட்டின். மென்மையான கேப்சூலின் உறை பெரும்பாலும் மாடு போன்ற விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருகிறது. லைக்கன் எனும் பாசிக்காளானிலிருந்து எடுத்த டி3-யும் இப்போது கிடைக்கிறது, விலைதான் கூடுதல்.

ஆலைச்சங்கு:
நெல்லிக்குப்பத்தில் என் அக்காவுக்குக் கால்சிஃபெடியால் என்ற வைட்டமின் டி மருந்து எழுதினார்கள். அளவு சிறியது, ஏற்றமும் வேகம். பிறகு ஏன் இந்தத் தூளோடு மல்லுக்கட்டு?

பழைய பார்மசி:
கல்லீரல் செய்யும் வேலையை முடித்துக் கொடுக்கும் வடிவம் அது. மைக்ரோகிராமுக்கு மைக்ரோகிராம் பார்த்தால் டி3-யைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு ஏற்றும். அங்கே என் 40 கணக்கு செல்லாது. கால்சிட்ரியால் என்று இன்னொன்று, 0.25 மைக்ரோகிராம். எண்ணைப் பார்த்துக் குழந்தை மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். முழுக்கச் செயல்படும் வடிவம் அது, சிறுநீரக நோயாளிகளுக்குப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பது.

வில்லியனூரான்:
எண்ணால் ஏமாந்த கதை எங்கள் வீட்டிலும் உண்டு. அதனால்தான் எனக்கு இந்தக் கோபம். வாரம் ஒன்று என்று எழுதிய தூள் பாக்கெட்டை என் மாமனார் தினம் ஒன்றாகப் பாலில் கலந்து குடித்தார், இரண்டரை மாதம். கூடவே கால்சியம் மாத்திரை. தாகம், வாந்தி, மலச்சிக்கல், பிறகு ஆளையே அடையாளம் தெரியவில்லை. கால்சியம் எகிறி மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்தார். கடைக்காரர் உறையில் நாள் எழுதிக் கொடுக்கவில்லை.

பழைய பார்மசி:
இதற்குப் பதில் சொல்ல என்னிடம் வாதம் இல்லை. தினசரி மாத்திரையை ஒரு நாள் இரண்டாகப் போட்டால் ஒன்றும் ஆகாது, பாக்கெட்டில் அந்தச் சலுகை கிடையாது. நான் உறையில் "ஞாயிறு மட்டும்" என்று சிவப்பு மையில் எழுதுவேன்.

கெடிலக்கரை:
இதைப் படித்துவிட்டு அம்மாவின் அலமாரியைத் திறந்தேன். பாக்கெட் ஒன்று காலி, டப்பாவில் ஆறு மாத்திரை குறைகிறது. மூன்றாவதாக ஒரு கால்சியம் பட்டையும் இருக்கிறது, பின்பக்கப் பொடி எழுத்தில் கால்சியம் 500 மி.கி., வைட்டமின் டி3 250 ஐ.யு. மூன்றும் சேர்ந்தால் அதிகமா?

பழைய பார்மசி:
இந்த ஒரு வாரக் கணக்கால் ஒன்றும் ஆகாது, பதற வேண்டாம். கால்சியம் பட்டையை யார் எழுதியது? அம்மாவுக்குச் சிறுநீரகக் கல் ஏதாவது இருந்ததா?

கெடிலக்கரை:
பக்கத்து வீட்டு அக்கா சொல்லி வாங்கினாராம். கல் இருந்தது ஐயா, 2019-இல்.

பழைய பார்மசி:
மருத்துவரிடம் சொன்னீர்களா?

கெடிலக்கரை:
அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பழைய பார்மசி:
அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும் முன் மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவரைப் பாருங்கள்.