காலர் எலும்பு முறிவு: ஸ்லிங் போதுமா, பிளேட் வைக்க வேண்டுமா?

மண்வாசனை:
போன செவ்வாய் மழையில் தம்பி பைக்கோடு வழுக்கி இடது தோள் தரையில் மோத விழுந்துவிட்டான். எக்ஸ்ரேயில் காலர் எலும்பு நடுவில் உடைந்து, துண்டுகள் விலகி ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறது. ஒரு டாக்டர் கையைக் கழுத்தில் தொங்கவிடும் ஸ்லிங் போட்டு அனுப்பினார், இன்னொருவர் ஆபரேஷன் செய்து எலும்பில் உலோகப் பிளேட் வைத்தே ஆகணும் என்கிறார், அம்மாவோ நாட்டுக் கட்டு போடுகிற இடத்துக்குக் கிளம்பிவிட்டார். அவனுக்கு வயது 27. என்ன செய்வது?

பழைய ரைடர்:
எனக்கும் இதேதான், ஸ்லிங்கிலேயே சேர்ந்துவிட்டது. முதல் பத்து நாள் படுக்க முடியாமல் சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். மேடு இன்னும் இருக்கிறது, பையின் வார் பட்டால் உறுத்தும், அவ்வளவுதான். 2013-ல் நெதர்லாந்தின் அஸ்ஸனில் மோட்டோஜிபி பைக் பந்தய வீரர் லொரென்சோ வியாழக்கிழமை விழுந்து காலர் எலும்பை உடைத்து, பிளேட் வைத்துக்கொண்டு சனிக்கிழமை பந்தயத்தில் 5-ஆவதாக வந்தாரே என்று யாராவது சொல்வார்கள், நம்பி அவசரப்படாதீர்கள். அவருக்கு அது பிழைப்பு.

எலும்பு வார்டு:
இந்தப் பிரிவில்தான் வேலை செய்கிறேன், ஆனாலும் படத்தைப் பார்க்காமல் தீர்ப்பு சொல்ல மாட்டேன். முதலில் பார்க்க வேண்டியது எலும்பையே இல்லை. அதற்கு அடியில்தான் கைக்குப் போகும் ரத்தக்குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன, நுரையீரலின் நுனியும் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் விரல் மரத்துப்போகிறதா, கை குளிர்ந்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, எலும்பு முனை குத்தி தோல் வெளுத்து நிற்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் இன்றே ஆஸ்பத்திரி.

இல்லையென்றால், எலும்பு எவ்வளவு குட்டையாகிவிட்டது என்பதுதான் கேள்வி. 2 செ.மீ.க்கு மேல் என்றால் பலரும் பிளேட் பக்கம் சாய்வோம். முழுதாக விலகிய முறிவுகளை வைத்து கனடாவில் செய்து 2007-ல் வெளியான ஆய்வில், எலும்பு ஒட்டாமல் போனது பிளேட் வைத்த 62 பேரில் 2 பேருக்கு, ஸ்லிங் போட்ட 49 பேரில் 7 பேருக்கு. ஆனால் பிளேட்டும் இலவசமில்லை: தையலுக்குக் கீழே தோல் மரத்துப்போகலாம், சிலருக்குப் பிளேட் உறுத்தி மறுபடி திறந்து எடுக்க வேண்டிவரும். தம்பி சிகரெட் பிடிப்பவரா? அப்படியென்றால் எலும்பு ஒட்டுவது தாமதமாகும்.

நாட்டுக் கட்டு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இழுத்து உட்காரவைத்தாலும் அது அப்படியே நிற்காது.

மண்வாசனை:
நன்றி சார். மரத்துப்போகவெல்லாம் இல்லை. அளந்து பார்த்ததில் இரண்டரை செ.மீ. என்றார்கள், சிகரெட்டும் உண்டு. சரி, ஆபரேஷன்தான். அம்மா இப்போது நல்ல நாள் பார்க்கிறார்.

எலும்பு வார்டு:
பார்க்கட்டும், அடிபட்டு மூன்று வாரம் தாண்டாத நாளாக இருந்தால் போதும். அதுவரை விரல், மணிக்கட்டு, முழங்கையை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.