பிள்ளை மடுவத்தில் வேலை, உறவினருக்குத் தண்டனை: எழுதிக் கொடுக்க வேண்டுமா?

வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். கொழுந்துக்குப் போகும் தாய்மார் 17 பிள்ளைகளை என்னிடம் விட்டுச் செல்கிறார்கள்.

என் அத்தானின் (அக்கா கணவரின்) தம்பி சிறுவர் துஷ்பிரயோக வழக்கில் தண்டனை பெற்றார். சிறைத்தண்டனை ஒத்திவைக்கப்பட்டதால் வெளியில்தான் இருக்கிறார். ஆட்டோ ஓட்டுபவர். மழை நாட்களில் என்னை ஏற்றிப் போக மடுவத்து வாசல்வரை வருவார். ஹார்ன் கேட்டதும் பிள்ளைகள் படிக்கட்டுக்கு ஓடுவார்கள். இப்போது அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"எவனோ செய்ததற்கு நீ ஏன் தோட்டத் துரையிடம் போய் நிற்கிறாய்?" என்கிறார் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கிலாந்தில் ஒரு தலைமை ஆசிரியை, சிறுவர்களின் ஆபாசப் படங்கள் தொடர்பாகத் தண்டனை பெற்ற நண்பரைப் பற்றி நிர்வாகத்திடம் சொல்லாததால் வேலை இழந்தார். காதல் உறவில்லை, ஒரே வீட்டு வாழ்க்கையுமில்லை. நெருங்கிய நட்பும் கூட்டாக வாங்கிய ஒரு வீடும்தான். ஆனாலும் அவர் சொல்லியிருக்க வேண்டும் என்றே 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நம் நாட்டுச் சட்டமல்ல என்பது தெரியும்.

என் நியமனக் கடிதத்தில் இதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. முதலில் தோட்ட நிர்வாகத்திடம் போவதா, பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமா? இப்படி எழுதிக் கொடுத்தவர்கள் கடிதத்தை எப்படித் தொடங்கினீர்கள்? அக்கா பெயர் வராமல் எழுத முடியுமா? தனிச் செய்தியில் சொன்னாலும் சரி. லயத்தில் வீடுகளுக்கு நடுவே ஒரு சுவர்தான், பேசினால் பக்கத்துக்குக் கேட்கும்.